குப்பைமேட்டில் தீ இல்லை

ராஜப்ரியா கையில் வைத்திருந்த படிவத்தில் அது பதினேழாவது கேள்வி.

"இந்த எடத்துல இதுக்கு முன்னாடி எப்பவாச்சும் தீப்பிடிச்சிருக்காய்யா?"

முத்தரசு துண்டை உதறித் தோளில் போட்டார். குப்பைமேட்டின் பக்கம் திரும்பாமல், கிணற்றடி முருங்கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இல்ல தாயி. தீயெல்லாம் புடிச்சதில்ல."

அவள் 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் தேங்கும், பாம்பு உண்டா, லாரி வர எந்தப் பாதை தோது என்று இன்னும் பத்துக் கேள்விகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் முத்தரசு உள்ளதைச் சொன்னார்.

மானகிரியைத் தாண்டித் தைலமரக் காட்டுக்குள் திரும்பும் சாலையில் மூன்று கிலோமீட்டர் போனால் அந்தக் குப்பைமேடு வரும். ஒரு காலத்தில் செம்புராங்கல் வெட்டி எடுத்த பள்ளம். கல் தீர்ந்ததும் நெடுவூரணிப் பேரூராட்சி அதில் குப்பை கொட்ட ஆரம்பித்தது. பன்னிரண்டு வருடம் கொட்டியதில் பள்ளம் நிறைந்து, தரைக்கு மேலே இரண்டு ஆள் உயரத்துக்கு மேடாகிவிட்டது. 2021இல் அதன்மேல் செம்மண்ணைப் பரப்பி, சுற்றிலும் கம்பிவேலி போட்டு, வாசலைப் பூட்டினார்கள். இப்போது தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது புல் முளைத்த ஒரு கரடு. ஒன்பது ஏக்கர். மரமில்லை, நிழலில்லை, காலை முதல் சாயங்காலம் வரை வெயில். அங்கே சோலார் பேனல்களை நிறுத்தி மின்சாரம் எடுக்க முடியுமா என்று பார்த்துச் சொல்லத்தான் மதுரையில் உள்ள ஒரு நிறுவனம் ராஜப்ரியாவை அனுப்பியிருந்தது. தேவகோட்டைப் பெண். முப்பது வயதிருக்கும். வெயிலுக்குத் தொப்பி போட்டுக்கொண்டு, ஆண்கள் போடுகிற கனமான பூட்ஸுடன் வந்திருந்தாள்.

வேலியை ஒட்டியிருந்த ஒரே தோட்டம் முத்தரசுவுடையது. இரண்டு ஏக்கர் நிலம், ஒரு கிணறு, ஓட்டு வீடு. வீட்டில் அவர் ஒருவர்தான். மனைவி ஈஸ்வரி இறந்து நாலாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. ஒரே மகள் சத்தியப்பிரியாவைத் திருப்பத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தார்.

ஈஸ்வரியைக் கொண்டுபோனது குப்பைமேட்டுப் புகை. முத்தரசுவுக்கு அதில் சந்தேகமே இருந்ததில்லை. கோடையில் மேடு தானாகவே பற்றிக்கொள்ளும். சில நாட்கள் பேரூராட்சி ஆட்களே, மேடு கொஞ்சம் அமுங்கட்டும் என்று கொளுத்திவிட்டுப் போவார்கள். டயரும் பிளாஸ்டிக்கும் வேகிற நாற்றம் வீட்டுக்குள் நுழைந்து, மூடி வைத்த அரிசிப் பானைக்குள்கூட இறங்கும். முதலில் அவளுக்கு இருமல் வந்தது. பிறகு இழுப்பு. முத்தரசு மனு எழுதத் தொடங்கினார். ஏழு வருடத்தில் பதினோரு மனு. ஒவ்வொன்றுக்கும் பேரூராட்சியிலிருந்து ஒரே பதில் வந்தது: 'மேற்படி இடத்தை நேரில் ஆய்வு செய்ததில் தீ ஏதும் இல்லை என அறியப்படுகிறது.'

அந்த வரி அவருக்கு மனப்பாடம். முதல் தடவை வாசித்தபோது தாளைக் கசக்கி எறிந்தார். ஈஸ்வரிதான் பொறுக்கி எடுத்து நீவி வைத்தாள். இப்போது அதே வரியை அவர் வாயாலேயே சொல்லியாகிவிட்டது.

காரணம் இருந்தது. மார்கழியில் நடந்த ஊர்க்கூட்டத்தில் பேரூராட்சிச் செயல் அலுவலர் பேசினார். சோலார் வந்துவிட்டால் இருபத்தைந்து வருடத்துக்கு அந்த இடம் கம்பெனிக்காரன் பொறுப்பு. இடம் சரியில்லை என்று போய்விட்டால், இப்போது கொட்டுகிற இடமும் நிறைந்துவிட்டதால் ஊர்க்குப்பையைக் கொட்ட வேறு இடம் கிடையாது, பழையபடி பூட்டைத் திறப்பதைத் தவிர வழியில்லை என்றார். முத்தரசு அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து ஈஸ்வரியின் படத்துக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பேனல் வரட்டும். மறுபடி ஒரு லாரிகூட அந்த வாசலில் நுழையாமல் இருக்கட்டும். அதற்கு ஒரு பொய் சொல்ல வேண்டியிருந்தால் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

அந்தக் கூட்டத்தில் அவருக்குப் பக்கத்தில் நின்றவள் அழகி. இரண்டு தோட்டம் தள்ளிக் குடிசையில் இருப்பவள், ஈஸ்வரிக்கு நெருக்கமானவள். புருஷன் இல்லை. குப்பைமேட்டில் பன்னிரண்டு வருடம் இரும்பும் பிளாஸ்டிக்கும் பொறுக்கிப் பிழைத்தாள். வாசலைப் பூட்டியதும் அந்தப் பிழைப்பு போயிற்று. கூப்பிட்ட இடத்துக்குக் களையெடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். பேனலைக் கழுவவும் புல் வெட்டவும் உள்ளூரில் பத்துப் பொம்பளைகளை மாதச் சம்பளத்துக்கு எடுப்பார்கள் என்று கூட்டத்தில் சொன்னதும், முதல் பேராக அவள்தான் பேர் கொடுத்தாள். திரும்பி வரும் வழியில் அவரிடம் கேட்டாள்.

"அண்ணே, யாராச்சும் வந்து வெசாரிச்சா பழசையெல்லாம் கிண்டாதீக. எனக்கும் அறுவதை நெருங்குது. குனிஞ்சு களையெடுக்க முடியல. இது ஒண்ணு அமைஞ்சுட்டா கெடந்துருவேன்."

"நான் என்னத்தச் சொல்லப்போறேன்" என்றார் முத்தரசு.

தை மாதம் முழுக்க வேலை நடந்தது. மேட்டின்மேல் இருபது இடங்களில் இரும்புத் தட்டுகளைப் பதித்து, வாரத்துக்கு வாரம் அவை எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகின்றன என்று ராஜப்ரியா அளந்தாள். கொத்தமங்கலத்துத் தேனப்பன் துளை போடும் இயந்திரத்தோடு வந்திருந்தான். நாற்பது வயதுக்காரன், வாய் ஓயாமல் பேசுகிறவன். புல் செதுக்கி வழி பண்ணவும், அளவுகோலைப் பிடித்து நிற்கவும் அழகியைச் சேர்த்துக்கொண்டார்கள். அவள் அதையே கம்பெனி வேலை கிடைத்துவிட்ட மாதிரி எடுத்துக்கொண்டு, தினமும் தலைசீவிப் பொட்டு வைத்து வந்தாள்.

மதியம் எல்லோரும் முத்தரசுவின் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒருநாள் அவர் கேட்டார்.

"தரை அமுங்குறத எதுக்குத் தாயி இப்படி அளக்குறீக?"

"அடியில இருக்கறது குப்பைதானங்கய்யா. மக்க மக்க எறங்கும். ஒரு பக்கம் மட்டும் எறங்கிருச்சுன்னா பேனல் முறுக்கிக்கிட்டு ஒடஞ்சுரும். ஆணி அடிச்சு நடவும் முடியாது, மேல போட்ட மண்ணு பொத்துப்போகும். சிமெண்டுக் கட்டைய வச்சு அதுமேல நிறுத்தணும். வாயு இருக்கா, சூடு இருக்கான்னும் பாக்கணும்."

"சூடு இருந்தா?"

"சூடு இருந்தா வேலைக்காகாது. வயரு உருகிரும். ஒரு எடத்துல தீ இருந்துச்சுன்னா, யாரும் அதுமேல பேனல் வைக்கத் துணிய மாட்டாக."

முத்தரசு தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போனார். ஈஸ்வரிக்காகப் பதினோரு தடவை கேட்டும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பேனல் உருகிவிடுமே என்று இத்தனை பேர் இத்தனை கருவியோடு வந்து நிற்கிறார்கள். யார்மேல் கோபப்படுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்மேல் படமுடியாது. அவள் அன்று சாப்பிட்டு முடித்துக் கை கழுவ உள்ளே வந்தபோது ஈஸ்வரியின் படத்தைப் பார்த்து, "அம்மாவா? என்ன செஞ்சுச்சுங்கய்யா?" என்று கேட்டாள்.

"மூச்சுத் தொந்தரவு" என்றார்.

இன்னொரு நாள் விடியற்காலையிலேயே ராஜப்ரியா வந்துவிட்டாள். வெயில் ஏறினால் தரைமேல் காற்று நடுங்கி அளவு தப்பும் என்பதால் பனியோடு வந்து அளப்பது வழக்கம். மேட்டின் கிழக்கு மூலையில் ஏழெட்டு நாய்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருண்டு கிடந்தன. அந்த இடத்தில் மட்டும் புல் முளைக்காமல் மண் வெறுமையாக இருந்தது. வேலியோரம் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த முத்தரசுவைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள்.

"ஏங்கய்யா, எல்லா நாயும் அங்குட்டே போய்ப் படுத்துருக்கே?"

"நாய்க்கென்ன தாயி, எங்கிட்டும் படுக்கும்."

அந்த மூலையை அவருக்குத் தெரியும். 2019 ஆனியில் அவருடைய கன்று அங்கே மேயப் போய், மேல்மண் உடைந்து முன்கால்கள் இரண்டும் உள்ளே இறங்கிவிட்டன. கயிறு கட்டி இழுத்தபோது முழங்கால்வரை வெந்திருந்தது. வெளியே தீ இல்லை, புகைகூட மெலிசாகத்தான் இருந்தது. உள்ளே அடுப்பு. மூன்றாம் நாள் கன்று செத்தது. அந்த அடுப்பின்மேல்தான் பேரூராட்சி செம்மண்ணைப் பரப்பிவிட்டுப் போயிருந்தது.

வெறும் மண்ணாகக் கிடந்த அந்த மூலையை ராஜப்ரியா கடைசியாக வைத்துக்கொண்டாள். மாசி பிறந்த மூன்றாம் நாள், அங்கே துளை போட ஏற்பாடானது. முதலில் வாயுக்கருவியை வைத்துப் பார்க்க வேண்டும், அதுவரை யாரும் அங்கே போகக் கூடாது என்று அவள் சொல்லியிருந்தாள். ஆனாலும் அவள் வண்டியிலிருந்து கருவியை எடுத்து வருவதற்குள் இடத்தைக் குறித்து வைக்கலாமென்று தேனப்பன் ஒரு முளைக்குச்சியும் சுத்தியலுமாக முன்னால் நடந்தான். காலில் ரப்பர்ச் செருப்புதான்.

முத்தரசு தோட்டத்தில் கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். தேனப்பன் எந்தப் பக்கம் நடக்கிறான் என்று பார்த்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார்.

"ஏப்பா! அங்குட்டுப் போகாதே! தேனப்பா, நில்லு!"

தேனப்பன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். என்ன என்பது போலக் கையை ஆட்டினான். அடுத்த அடியை வைத்தபோது வலது கால் முழங்கால் வரைக்கும் மண்ணுக்குள் போனது.

அவன் போட்ட சத்தம் தைலமரக் காட்டுக்கு அந்தப் பக்கம்வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். முத்தரசு வேலியில் கிடந்த இடைவெளிக்குள் நுழைந்து போனபோது ராஜப்ரியாவும் அழகியும் அவன் அக்குளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். செருப்பு உருகிப் பாதத்தோடு ஒட்டியிருந்தது. காலை வைத்த பள்ளத்திலிருந்து வெள்ளையாகப் புகை எழும்பியது. அந்த நாற்றம் வந்தது. மூன்று வருடமாக அவர் முகராத நாற்றம்.

தேனப்பனைக் காரிலேயே காரைக்குடிக்குக் கொண்டுபோனார்கள். கால் தப்பிவிட்டது. ஆனால் இரண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. மறுநாள் முத்தரசு ஆஸ்பத்திரிக்குப் போய் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. தேனப்பன்தான் பேசினான்.

"நீங்க கத்துனீகளே, அது மட்டும் கேக்கலன்னா ரெண்டு காலையும் வச்சிருப்பேன்யா. நல்லா இருப்பீக."

அவர் அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டார்.

அன்று பிற்பகல் ராஜப்ரியா தனியாக அவர் வீட்டுக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது. வேப்பமரத்தடியில் நின்றுகொண்டே கேட்டாள்.

"அங்க தீ இருக்குன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். அதான் கத்துனீக. இல்லையாய்யா?"

"தெரியும்."

"நான் கேட்டேனே. பதினேழாவது கேள்வி. உங்க மூஞ்சியப் பாத்துத்தான் கேட்டேன்."

முத்தரசு உள்ளே போனார். டிரங்குப் பெட்டியில் ஈஸ்வரியின் சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதும் நோட்டு, மேலட்டை நைந்துபோயிருந்தது. காரைக்குடியில் ஈஸ்வரிக்கு வைத்தியம் பார்த்த டாக்டர், மூச்சு முட்டுகிற நாட்களையும் அன்று என்ன நடந்தது என்பதையும் எழுதி வைக்கச் சொன்னார். அவள் எட்டாவது வரை படித்தவள். 2013இலிருந்து இறப்பதற்குப் பத்து நாள் முன்புவரை எழுதினாள். அவள் போனபிறகு முத்தரசு அதைத் திறக்கவில்லை. அவள் கையெழுத்தைப் பார்க்கும் தைரியம் அவருக்கு இல்லை.

"நீயே படி தாயி. எனக்கு முடியாது. தீ எப்ப எப்பப் புடிச்சுச்சுன்னு இதுல இருக்கும்."

ராஜப்ரியா கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாள். முதலில் மனதுக்குள் வாசித்தாள். பிறகு அவர் கேட்டுக்கொண்டதால் சத்தமாக வாசித்தாள்.

"சித்திரை நாலு. தெக்கு முக்குல புகை. ராத்திரி பூராம் உக்காந்தே இருந்தேன்."

"சித்திரை ஒம்பது. மேக்காத்து. புகை இங்குட்டு வரல. நல்லாத் தூங்குனேன்."

"வைகாசி இருவது. பேரூராட்சி ஆளு ரெண்டு பேரு கொளுத்துனாக. மருந்து ரெண்டு தடவை இழுத்தேன்."

பக்கம் பக்கமாக அப்படியே இருந்தது. எந்த நாள், எந்த மூலை, எவ்வளவு புகை, எத்தனை தடவை மருந்து. ராஜப்ரியா பையிலிருந்து மேட்டின் வரைபடத்தை எடுத்து மடியில் விரித்து, பென்சிலால் குறித்துக்கொண்டே வாசித்தாள். 2018க்குப் பிறகு கிழக்கு மூலை மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. 'வெளிய தீ தெரியல, மண்ணுக்குள்ளருந்து புகை' என்று நாற்பது ஐம்பது இடங்களில் எழுதியிருந்தாள்.

"ஆனி பதினொண்ணு. கன்னு கெழக்கு முக்குல பொதஞ்சு கால் வெந்துபோச்சு. அவுக தொழுவத்துல நின்னு அழுதாக. பாக்காத மாதிரி உள்ள வந்துட்டேன்."

ராஜப்ரியா நிறுத்தினாள். முத்தரசு, "படி" என்றார்.

"ஆடி ரெண்டு. புகை இருக்கான்னு அவுக கேட்டாக. இல்லன்னு சொல்லிட்டேன். மனு எழுதி எழுதி அவுகளுக்குத் தூக்கம் போச்சு."

அடுத்த பக்கத்தைத் திருப்பியவள் வாசிக்கத் தயங்கினாள். "இது தீயப் பத்தி இல்லைங்கய்யா" என்றாள்.

"பரவால்ல, படி தாயி."

"ஆவணி ஏழு. சத்தியா வீட்டுக்குப் போய் இருப்பமான்னு கேக்க நெனச்சேன். இன்னிக்கும் கேக்கல. கெணத்தையும் தோட்டத்தையும் விட்டுட்டு வர அவுகளுக்கு மனசு வராது. நான் மட்டும் போனா அவுகளுக்கு யாரு சோறு போடுவா."

முத்தரசு எழுந்து தொழுவத்துக்குப் போனார். மாட்டின் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்தபோது முகத்தைத் துண்டால் துடைத்திருந்தார்.

"கேட்டிருந்தா போயிருப்பேன் தாயி" என்றார். கொஞ்சம் கழித்து, "போயிருப்பேனா, தெரியல" என்றார்.

அதன்பிறகு அவர் எல்லாவற்றையும் சொன்னார். பதினோரு மனுவையும், வந்த பதில்களையும், செயல் அலுவலர் கூட்டத்தில் பேசியதையும், தான் ஏன் பொய் சொன்னார் என்பதையும். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். போகும்போது நோட்டைக் கேட்டாள். தாள் தாளாகப் படம் எடுத்துக்கொண்டு நாலாம் நாள் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

பங்குனி கடைசியில், அறிக்கையை அனுப்புவதற்கு முந்திய நாள், அவள் மறுபடி வந்தாள். பாதுகாப்பு ஏற்பாடுகளோடு கிழக்குப் பக்கத்தில் ஐந்து இடங்களில் வெப்பம் அளக்கும் கம்பிகளை இறக்கிப் பார்த்தாகிவிட்டது. மூன்று மீட்டர் ஆழத்தில் எழுபது டிகிரிக்குமேல் சூடு. நடுப்பகுதி இன்னும் வேகமாக அமுங்கிக்கொண்டிருந்தது. தெற்கே ஒரு ஒன்றரை ஏக்கர் மட்டும்தான் தேறியது. அதற்காக ஆறு கிலோமீட்டருக்குக் கம்பம் நட்டு மின்சாரம் கொண்டுபோக எந்தக் கம்பெனியும் வராது.

"ஆகாதுன்னு எழுதிட்டேன்யா" என்றாள்.

"அப்ப குப்பைய மறுபடி கொட்டுவாகளா?"

"கொட்டக் கூடாது, தீய முதல்ல அணைக்கணும்னு தனியா ஒரு பக்கம் எழுதியிருக்கேன். கேப்பாகளான்னு எனக்குத் தெரியல. உங்ககிட்டப் பொய் சொல்ல விரும்பல." அவள் பையைத் திறந்து ஒரு தாளை எடுத்தாள். "அறிக்கை இங்கிலீசுல இருக்கு. இந்த ஒரு பக்கத்த மட்டும் உங்களுக்காகத் தமிழ்ல எழுதிக் கொண்டாந்தேன்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். 'இவ்விடத்தில் 2013 முதல் 2020 வரை முந்நூறுக்கும் மேற்பட்ட நாட்களில் தீயும் புகையும் இருந்துள்ளன. கிழக்கு மூலையில் மண்ணுக்கடியில் தீ இன்றும் உள்ளது. ஆதாரம்: அருகில் வசித்த திருமதி மு. ஈஸ்வரி, கையெழுத்துக் குறிப்புகள்.'

"இந்தப் பேரு இங்கிலீசுலயும் இருக்கா?"

"இருக்குங்கய்யா."

அவர் மறுபடி ஒருமுறை வாசித்தார். 'தீ இன்றும் உள்ளது' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "இத அவ இருக்கையில யாராச்சும் எழுதியிருந்தா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார். ராஜப்ரியா அவர் காலடியில் கிடந்த பையைக் கட்டுவது போல நெடுநேரம் குனிந்திருந்தாள்.

சேதி அன்றே அழகிக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் காலை அவள் வந்து வாசலிலேயே நின்றாள்.

"நோட்டக் குடுத்தீகளாமே."

"குடுத்தேன் அழகி. தேனப்பன் காலப் பாத்தியில்ல. நாளைக்கு அது உன் காலா இருக்கும்."

"என் காலு எப்படியும் போயிட்டுப் போகுது. நாலு மாசமா அந்த வேலைய நம்பிக் கெடந்தேண்ணே. ஈஸ்வரிக்காவ நான் பாக்காததா? கடைசி மாசம் அதுக்குத் தல வாரிவிட்டது ஆரு? செத்தவளுக்காக இருக்கறவ வயித்துல அடிச்சுட்டீகளே!"

அவள் சொன்னதில் பொய் இல்லை. அதற்குப்பிறகு வழியில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வைகாசியில் கம்பெனி தன் இரும்புத் தட்டுகளைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. ஆடியில் பேரூராட்சி டிராக்டர் வந்தது. முத்தரசு குப்பைமேட்டு வாசலுக்குக் குறுக்கே நின்று தாளைக் காட்டினார். டிரைவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "எனக்குப் படிக்க வராதுங்க பெரியவரே. கொட்டச் சொன்னா கொட்டுறேன்" என்றான். அன்று திரும்பிப் போனான். நாலு நாள் கழித்து மேற்பார்வையாளர் ஒருவர் அவனோடு வந்தார். அறிக்கை சொன்னது ஆலோசனைதான், உத்தரவு இல்லை என்றார். கிழக்கு மூலையைத் தொடமாட்டோம், மேற்கே மட்டும் கொட்டுவோம், கொளுத்தமாட்டோம் என்றும் சொன்னார். பூட்டு திறந்தது.

முத்தரசு பன்னிரண்டாவது மனுவை எழுதினார். ஈஸ்வரியின் நோட்டைப் பிரதி எடுத்து அதோடு சேர்த்து அனுப்பினார். பதில் வரவில்லை. முன்பாவது ஒரு வரி வந்துகொண்டிருந்தது. மகள் வந்து கூப்பிட்டாள், தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திருப்பத்தூருக்கு வந்துவிடச் சொன்னாள். ஆவணியில் பத்து நாள் போய் இருந்தார். அங்கே காற்று நன்றாக இருந்தது. ராத்திரி ஜன்னலைத் திறந்து வைத்துப் படுத்தார்கள். அவருக்கு அது தாங்கவில்லை. மூச்சை இழுத்து விடும்போதெல்லாம் குற்றவாளிபோல இருந்தது. பதினோராம் நாள் மாட்டைக் காரணம் சொல்லித் திரும்பிவிட்டார்.

வாசல் திறந்த வாரத்திலேயே அழகி கோணியை எடுத்துக்கொண்டு குப்பைமேட்டுக்குப் போக ஆரம்பித்திருந்தாள். கொளுத்தமாட்டோம் என்ற பேச்சு புரட்டாசிவரை நின்றது. அதற்குப்பின் மேற்குப் பக்கத்திலும் புகை எழுந்தது. முத்தரசு தோட்டத்தில் நின்றபடி, புகைக்குள் அவள் குனிவதும் நிமிர்வதும் தெரிகிறதா என்று பார்ப்பார். இரண்டு தடவை கூப்பிட்டுச் சொன்னார். அவள் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

கார்த்திகை அடைமழையில் ஒருநாள் காலை, அழகி அவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். தலையில் பாலித்தீன் கொங்காணி போட்டிருந்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குள் விசில் ஊதுவது போலச் சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை முத்தரசு ஏழு வருடம் கேட்டவர்.

"ஈஸ்வரிக்காவுக்குப் பாத்த டாக்டரு... அவரு எந்தத் தெருவுல..." என்று கேட்டாள். அதைச் சொல்லி முடிக்கவே அவளுக்கு மூன்று மூச்சு தேவைப்பட்டது.

அவர் அடுப்பை அணைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, குடையை எடுத்தார்.

"நீங்க எதுக்கு வாரீக? எடத்தச் சொன்னா நானே போயிருவேன்."

"நீ தனியாப் போகமாட்ட. நட."

பேருந்து நிறுத்தம்வரை குடையை அவள் பக்கமாகவே சாய்த்துப் பிடித்துக்கொண்டு போனார். அரைக் கிலோமீட்டரில் நாலு இடத்தில் அவள் நின்றாள். அவரும் நின்றார். நிறுத்தத்தில் சிமெண்டுத் திண்டில் அவளை உட்காரவைத்தபோது, மழையைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்.

"உங்க மேல எனக்குக் கோவம் போகலண்ணே. சொல்லிட்டேன்."

"போக வேணாம்" என்றார் முத்தரசு. "பஸ் வருது. மெதுவா எந்திரி."